பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த ஆள் அவலட்சணமானவனா, கெட்டவனா?

மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் படிப்பவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். விக்டர் பிராங்கன்ஸ்டைன் உருவாக்கிய அந்த ஆளைக் கண்டு எல்லோரும் அலறி ஓடுவது அவன் முகத்தைப் பார்த்தா, அவன் கொலைகாரன் என்பதாலா? அழகான உறுப்புகளாகப் பொறுக்கித்தானே விக்டர் சேர்த்தான், பிறகு எப்படி அவலட்சணம் வந்தது?

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டவனுக்கு நாவல் முழுக்கப் பெயர் கிடையாது. விக்டர் அவனைப் பேய், பிசாசு, அரக்கன் என்று வாய்க்கு வந்தபடி அழைக்கிறான். நான் ‘அவன்’ என்றே எழுதுகிறேன்.

முதல் கேள்விக்கு விடை, நிகழ்ச்சிகள் வரும் வரிசையில் இருக்கிறது. உயிர் வந்த இரவே படைத்தவன் அவனை விட்டு ஓடுகிறான். பசியோடு அவன் நுழையும் முதல் குடிசையில் காலை உணவு தயாரித்துக்கொண்டிருந்த கிழவர் அலறியபடி வயல்வழியே ஓடுகிறார். அடுத்த ஊரில் குழந்தைகள் கத்துகின்றன, ஒரு பெண் மயங்கி விழுகிறாள், ஊரார் கல்லெறிந்து விரட்டுகிறார்கள். டி லேசி குடும்பத்தின் வீட்டில் தடியடி விழுகிறது. ஆற்றில் அடித்துச் செல்லப்பட்ட சிறுமியைக் கரைசேர்த்ததற்குத் தோளில் துப்பாக்கிக் குண்டு. இந்த ஐந்தும் முடியும்வரை அவன் ஒரு மனிதர்மீதும் கை வைக்கவில்லை. டி லேசி குடும்பம் காலி செய்துவிட்டுப் போன வெற்று வீட்டைக் கொளுத்தினான், அவ்வளவுதான். விக்டரின் தம்பி வில்லியமைக் கொன்றது இவை எல்லாவற்றுக்கும் பிறகு. ஆக, கொலை செய்ததால் வெறுத்தார்கள் என்ற வாதம் நிற்காது.

இந்த வரிசை பலருக்குப் பிடிபடாமல் போவதற்குக் காரணம் உண்டு. நாவல் நமக்குக் கதையை அந்த வரிசையில் சொல்வதில்லை. விக்டர் வாயிலாக வில்லியமின் சாவை முதலில் கேட்கிறோம், அவனுடைய தரப்பைப் பிறகுதான் கேட்கிறோம். அவன் வாய் திறப்பதற்குள் நாமும் அவனைக் கொலைகாரனாக எண்ணிவிட்டிருப்போம். இந்த அமைப்பு தற்செயலானது என்று எனக்குத் தோன்றவில்லை. வாசகரின் முன்முடிவும் இங்கே சோதிக்கப்படுகிறது.

இனி அந்த உடம்பு. இங்கோல்ஸ்டாட் பல்கலைக்கழக ஊரில், நவம்பர் மாதத்து இரவொன்றில் விக்டர் அதற்கு உயிரூட்டுகிறான். உயரம் சுமார் 8 அடி. ஏன் அவ்வளவு உயரம்? நுணுக்கமான பாகங்கள் வேலையைத் தாமதப்படுத்தின, அதனால் எல்லாவற்றையும் பெரிதாகச் செய்தான். அந்த உயரத்தை முடிவு செய்தது செய்தவனின் அவசரம். பொருள்கள் வந்த இடங்களில் பிணமறுக்கும் கூடமும் இறைச்சிக்கூடமும் உண்டு. அங்கங்கள் அளவாக இருந்தன, முகக்கூறுகளை அழகு பார்த்தே தேர்ந்தேன் என்கிறான் விக்டர். கறுத்து மினுங்கும் கூந்தல், முத்துப்போன்ற பல்வரிசை. ஆனால் மஞ்சள் தோல் கீழே இருக்கும் தசையையும் நரம்பையும் மூடப் போதாமல் இழுபட்டிருக்கிறது. கண்கள் நீர்த்து வெளிறி, தாங்கியிருக்கும் குழிகளின் நிறத்திலேயே இருக்கின்றன. உதடுகள் நேர்கோடாய்க் கறுத்திருக்கின்றன. நல்ல கூந்தலும் நல்ல பல்லும் பக்கத்திலிருந்து அந்தக் கோரத்தை இன்னும் எடுத்துக்காட்டுகின்றன. உறுப்பை உறுப்பாகப் பொறுக்கினால் அழகு கூடிவரும் என்று கணக்குப் போட்டதுதான் முதல் தவறு.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது, பலர் தாண்டிச் சென்றுவிடுகிறார்கள். வேலை முடியும் முன்பும் அவன் அவலட்சணமாகத்தான் இருந்தான், அப்போதும் பார்த்திருக்கிறேன் என்று விக்டரே ஒப்புக்கொள்கிறான். தசையும் மூட்டும் அசையத் தொடங்கியபோதுதான் அது தாங்க முடியாததாகிறது. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் அந்த உடம்பை அருகிலிருந்து பார்த்தவனுக்கு வராத அருவருப்பு, அது திருப்பிப் பார்த்த நொடியில் வருகிறது. விக்டர் படுக்கையறைக்கு ஓடிப் படுத்துவிடுகிறான். விழித்துப் பார்த்தால் அவன் படுக்கைத் திரையை விலக்கி நிற்கிறான், கன்னம் சுருங்கச் சிரிக்கிறான், ஏதோ முனகுகிறான், ஒரு கையை நீட்டுகிறான். கையை நீட்டித் தன்னைப் பிடிக்க வந்ததாக விக்டர் எடுத்துக்கொள்கிறான். பிறந்து சில மணிநேரமே ஆன உயிர் தன்னைப் பெற்றவனைப் பார்த்துச் சிரித்துக் கையை நீட்டினால் அதற்கு என்ன பொருள் என்று எந்தத் தாயும் சொல்வாள்.

நாவலின் உயிர்நாடி என்று நான் கருதுவது மூன்று காட்சிகள். மூன்றிலும் கேட்பவரின் கண் ஏதோ ஒரு விதத்தில் மறைக்கப்படுகிறது.

முதலாவது டி லேசி வீடு. வீட்டை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்திருந்து, சுவர் இடுக்கு வழியாகப் பார்த்தே அவன் பேசவும் படிக்கவும் கற்றிருக்கிறான். அந்த வீட்டின் உணவை முதலில் திருடித் தின்றவன், அவர்களே பட்டினி கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டுக் காட்டில் கிழங்கும் கொட்டையும் தேடுகிறான். இரவில் விறகு வெட்டி வாசலில் வைக்கிறான், பனியை ஒதுக்கிப் பாதை போடுகிறான். ஏதோ நல்ல ஆவியின் வேலை என்று அவர்கள் வியக்கிறார்கள். பிள்ளைகள் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, பார்வையற்ற கிழவரிடம் வழிப்போக்கனாகப் போய் உட்காருகிறான். பேச்சைக் கேட்டதும் கிழவர், “நீ என் நாட்டுக்காரன்போல் இருக்கிறதே, பிரெஞ்சுக்காரனா?” என்று கேட்கிறார். காதுக்கு அவன் சொந்த ஊர்க்காரன். தன் நண்பர்களின் கண்ணை ஒரு முன்முடிவு மறைத்திருக்கிறது, அன்பான தோழனைக் காண வேண்டிய இடத்தில் அவர்கள் அரக்கனைக் காண்கிறார்கள் என்று அவன் சொல்கிறான். முகத்தைப் பார்த்து எடைபோட என்னால் முடியாது, ஆனால் உன் பேச்சில் நேர்மை தெரிகிறது என்கிறார் கிழவர். அப்போது கதவு திறக்கிறது. மகள் அகதா மயங்கி விழுகிறாள், அந்த வீட்டில் தங்கியிருந்த சாஃபி வெளியே ஓடுகிறாள், மகன் பீலிக்ஸ் பாய்ந்து, தந்தையின் முழங்காலைப் பற்றியிருந்தவனைப் பிய்த்தெடுத்துத் தரையில் தள்ளித் தடியால் அடிக்கிறான். பீலிக்ஸைக் கிழித்துப்போடும் பலம் அவனுக்கு இருந்தது. அவன் கையை ஓங்கவில்லை.

இரண்டாவது, மோன் பிளாங்க் மலையடியில் பனியாற்றின் மேல். உன் உருவம் என் கண்ணில் படாமல் போ என்று விக்டர் கத்துகிறான். அவன் தன் கைகளால் விக்டரின் கண்களைப் பொத்தி, “இதோ, படாமல் செய்துவிட்டேன். இப்போது காதால் கேள்” என்கிறான். கேட்ட பிறகு விக்டர் சொல்வதை இந்தத் தலைப்பில் எழுதும் யாரும் விடக்கூடாது: சொற்கள் மனதை அசைத்தன, ஆறுதல் சொல்லக்கூடத் தோன்றியது, ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது, அசைந்து பேசும் அந்த அழுக்குப் பிண்டத்தைக் கண்டதும் நெஞ்சு குமட்டி இரக்கம் வெறுப்பாக மாறியது என்கிறான். அந்த இரண்டு கணங்களுக்கு இடையில் அவனைப் பற்றிப் புதிதாக ஒன்றும் விக்டருக்குத் தெரியவரவில்லை. பார்த்தான், அதுதான் நடந்தது.

மூன்றாவது, நாவலின் முடிவில் கப்பல் அறையில். விக்டரின் பிணத்தருகே நிற்பவனைக் கண்டதும் வடதுருவம் தேடிப் போன அந்தக் கப்பலின் தலைவர் வால்டன் தன்னையறியாமல் கண்ணை மூடிக்கொள்கிறார். மூடிய பிறகுதான் தன் கடமை என்ன என்று யோசிக்க முடிகிறது. அவனைப் போகவிடாமல் நில் என்று சொல்கிறார், அவன் பேச்சைக் கேட்கிறார்.

வாசகர் எங்கே நிற்கிறார் என்று கவனியுங்கள். நாம் அவனைப் பார்ப்பதே இல்லை, அவன் பேச்சை எழுத்தில் கேட்கிறோம். டி லேசிக் கிழவரின் நாற்காலியில்தான் மேரி ஷெல்லி நம்மை உட்கார வைத்திருக்கிறார்.

சரி, இந்த வெறுப்பு பிறவியிலேயே வருகிறதா, கற்றுக்கொடுத்து வருகிறதா? நாவல் வந்த 1818ஐ ஒட்டிய காலத்தில் இது சூடான கேள்வி. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட அழகியல் நூலில் சிறியதும் வழவழப்பானதும் மென்மையானதும் அழகு, மிகப் பெரியது அச்சம் தருவது என்று பிரித்தார். கருமை இயல்பிலேயே அச்சுறுத்தும் என்று நிறுவ ஒரு சிறுவனைச் சான்று காட்டினார்: பிறவியில் பார்வையில்லாமல், 13, 14 வயதில் கண்புரை நீக்கப்பட்டுப் பார்வை பெற்றவன், பின்னர் ஒரு கறுப்பினப் பெண்ணைக் கண்டு நடுங்கினானாம். மறுபுறம் சூரிச் நகரப் பாதிரியார் லவாட்டர் 1775 முதல் 1778 வரை நான்கு தொகுதிகளாக எழுதிய முக இலக்கண நூல் ஐரோப்பா முழுக்கப் பரவியிருந்தது. நம்மிடையே ‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்று பேச்சுவாக்கில் சொல்வதை அவர் மூக்கு, நெற்றி, தாடை என்று அளந்து சாத்திரமாக்கினார். நம் சாமுத்திரிகா லட்சணத்தின் ஐரோப்பிய ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளலாம். மேரி ஷெல்லி இந்தச் சாத்திரத்தின் கைக்குள்ளேயே பிறந்தவர். பிறந்து மூன்று வாரம் ஆவதற்குள், தந்தை வில்லியம் காட்வினின் நண்பர் நிக்கல்சன் குழந்தையின் தலையையும் முகத்தையும் ஆராய்ந்து குணங்களைக் கணித்துக் கடிதம் எழுதினார்.

நாவலில் இந்தச் சாத்திரம் எல்லார் பேச்சிலும் நடமாடுகிறது. விக்டர் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்தபோது பேராசிரியர் கிரெம்பே குட்டையாகக் கரகரத்த குரலோடு வெறுப்பூட்டும் முகத்தோடு இருந்தார், ‘ஆகவே’ அவர் பாடம் பிடிக்கவில்லை. வேதியியல் பேராசிரியர் வால்ட்மனுக்கோ கனிந்த முகம், இனிய குரல், அவர் சொன்னதெல்லாம் மனதில் இறங்கியது. அந்த ‘ஆகவே’யை அடிக்கோடிடுங்கள். விஞ்ஞானி தன் துறையையே முகம் பார்த்துத் தேர்ந்திருக்கிறான்.

இதைவிடக் கூர்மையானது, விக்டரோடு ஒரே வீட்டில் வளர்ந்து பின்னால் அவனை மணக்கும் எலிசபெத் அவனுக்கு எழுதும் கடிதம். ஊர்ச் செய்தி சொல்லும்போது, அழகான மிஸ் மான்ஸ்பீல்டுக்கு ஓர் ஆங்கிலேயரோடு கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, அவளுடைய அவலட்சணமான சகோதரி மனோன் சென்ற இலையுதிர்காலத்தில் பணக்கார வங்கியாளரை மணந்தாள் என்கிறாள். நாவலிலேயே நல்லவளான எலிசபெத் எந்த வன்மமும் இல்லாமல் இதை எழுதுகிறாள். அதே கடிதத்தில் குட்டி வில்லியமின் நீலக் கண்களையும் கன்னக்குழிகளையும் கொஞ்சுகிறாள், அவனுக்கு மிகப் பிடித்த ‘மனைவி’ ஐந்து வயது அழகி லூயிசா என்று விளையாட்டாகச் சொல்கிறாள். பிறகு அதே வில்லியமை ஊர்ப்புற வயல்களிடையே காணும் அவன், சிறு குழந்தை, அவலட்சணத்தை வெறுக்கப் பழகியிருக்க வயதில்லை, இவனை எடுத்துவளர்த்துத் தோழனாக்கிக்கொள்ளலாம் என்று நம்புகிறான். வில்லியம் என்ன கத்துகிறான்? “விடு, அரக்கா, அசிங்கம் பிடித்தவனே, என்னைக் கிழித்துத் தின்னப் போகிறாய்.” ஆளைத் தின்னும் அரக்கன் பாட்டி கதையிலிருந்து வருகிறான். அசிங்கம் என்று ஆளைப் பிரிக்கும் சொல் வீட்டுக் கூடத்திலிருந்து வருகிறது. பர்க்குக்கு மேரி ஷெல்லி சொல்லும் பதிலாகவே நான் இதை வாசிக்கிறேன்.

பீலிக்ஸின் கதையில் இது மிகக் கசப்பாக வெளிப்படுகிறது. பாரிசில் வசித்த துருக்கிய வணிகர் ஒருவருக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. குற்றத்தைவிட அவருடைய மதமும் செல்வமுமே காரணம் என்று ஊரே பேசிக்கொள்கிறது. அநியாயம் பொறுக்காமல் அவரைச் சிறையிலிருந்து தப்பவைத்தவன் இந்தப் பீலிக்ஸ்தான். அதற்கு விலையாகக் குடும்பம் சொத்தை இழந்து நாடு கடத்தப்பட்டது. அந்த வணிகரின் மகள்தான் சாஃபி. மதம் பார்த்து ஒருவரைத் தண்டிப்பதைத் தாங்காதவன், முகம் பார்த்து ஒருவனைத் தடியால் அடிக்கிறான். முன்முடிவை எதிர்த்தவர்கள் எல்லா முன்முடிவிலிருந்தும் விடுபட்டவர்கள் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக ‘கோதிக்’ எனப்படும் திகில் வகை நாவல் வேறெதுவும் காட்டி நான் படித்ததில்லை.

தோற்றத்தோடு இனமும் குலமும் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்க்க இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். முதல் பதிப்பு 1818 ஜனவரி 1 அன்று லண்டனில், ஆசிரியர் பெயரில்லாமல், மூன்று தொகுதிகளாக 500 பிரதிகள் வந்தது. மேரி ஷெல்லி நிறையத் திருத்திய பதிப்பு 1831இல் வந்தது. 1818இல் எலிசபெத் விக்டரின் அத்தை மகள், கண்கள் பழுப்பு. 1831இல் அவள் கோமோ ஏரிப் பக்கம் ஒரு குடியானவன் குடிசையில் கண்டெடுக்கப்பட்டவள், நீலக் கண்ணும் பொன் கூந்தலும் உடையவள். அங்கே ஐந்து குழந்தைகள் பசியோடு இருக்கின்றன. நான்கு கருவிழிகொண்ட முரட்டுப் பிள்ளைகள், ஒருத்தி மட்டும் வெளுத்த மேனி. அவள் மிலான் பிரபு ஒருவரின் மகள் என்று குடியானவன் மனைவி சொல்கிறாள், விக்டரின் தாய் அவளை மட்டும் எடுத்துக்கொள்கிறாள். பார்ப்பவர் எவரும் அவளை ‘வேறொரு இனத்தைச் சேர்ந்தவளாகவே’ எண்ணுவார்கள் என்று எழுதுகிறார். விக்டர் தான் உருவாக்கப்போவதையும் புதிய இனம் என்றே சொல்கிறான். தோற்றத்தால் இனம் பிரிக்கப்பட்ட இருவரில் ஒருத்தி வீட்டுக்குள் போகிறாள், ஒருவன் வெளியே கிடக்கிறான். மீதி நான்கு குழந்தைகளைப் பற்றி நாவலில் அதன்பின் பேச்சே இல்லை.

மஞ்சள் தோலும் கருங்கூந்தலும் சேர்ந்ததால் அவனை ஆசிய இனத்தவனாக வாசிக்கும் விமர்சகர்கள் உண்டு. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் புளூமன்பாக் 1795இல் மனிதரை ஐந்து வகையாகப் பிரித்தபோது, ஜார்ஜியப் பெண்ணொருத்தியின் மண்டையோடே மிக அழகானது என்று கூறி வெள்ளை வகைக்குக் காகசஸ் மலையின் பெயரை வைத்தார் என்பதை எண்ணினால் அந்த வாசிப்பைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் தோல் நிறத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவது எனக்கு உடன்பாடில்லை. வலுவான சான்று வேறொன்று: வடதுருவப் பனியில் அவனைத் தொலைவில் கண்ட வால்டன், கண்டறியப்படாத தீவொன்றின் காட்டுமனிதன்போல இருந்தான் என்கிறார், விக்டரையோ ஐரோப்பியன் என்று தனியே குறிக்கிறார். 1824 மார்ச்சில் அமைச்சர் ஜார்ஜ் கேனிங், அடிமைகளை உடனே விடுவிப்பது அண்மையில் வந்த ஒரு புனைகதையின் படைப்பை அவிழ்த்துவிடுவது போலாகும் என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலேயே பேசினார். வெறுப்பை விசாரித்த நாவலை வெறுப்புக்கே ஆயுதமாக்கினார்.

அழகாக இருந்தால் தப்பிக்கலாமா என்றால் அதுவும் இல்லை. வில்லியமைக் கொன்றதாகப் பழி விழுந்த வேலைக்காரப் பெண் ஜஸ்டின் நீதிமன்றத்தில் மிக அழகாக நிற்கிறாள். அந்த அழகு எழுப்பியிருக்கக்கூடிய இரக்கம், அவள் செய்ததாகச் சொல்லப்பட்ட குற்றத்தின் கொடுமையில் அழிந்துபோனது என்கிறது நாவல். பாவமன்னிப்புத் தரும் பாதிரியார் நரகத்தைக் காட்டி மிரட்டிப் பொய் வாக்குமூலம் வாங்குகிறார். தூக்கு. அவள் சட்டைப்பையில் கொலைக்குச் சான்றான சிறு ஓவியத்தை வைத்தவன் அவன்தான். ஏன் வைத்தான்? வைக்கோலில் தூங்கிய அவள் அழகைக் கண்டு, இவள் சிரிப்பு எல்லோருக்கும் உண்டு, எனக்கு மட்டும் இல்லை என்று பொருமினான். அவனும் அதே கண்ணைத்தான் கற்றிருக்கிறான். குளத்து நீரில் தன் முகத்தைக் கண்டு பின்வாங்கியதும் அந்தக் கண்தான். தனக்குத் துணையாகக் கேட்பதுகூடத் தன்னைப்போலவே அவலட்சணமான ஒருத்தியை. அந்தப் பெண்ணுருவை விக்டர் பாதியில் கிழித்தெறிய அவன் நினைத்துப்பார்க்கும் காரணங்களில் ஒன்று, அவள் இவனை வெறுத்து மனிதனின் மேலான அழகை நாடிவிடுவாளோ என்பது.

இவ்வளவும் இருந்தும் பொதுமக்கள் மனதில் நிற்பது உறுமும் ஓர் உருவம். அதற்கு மேடையும் திரையும் காரணம். 1823 ஜூலை 28 அன்று லண்டனில் மேடையேறிய முதல் நாடகத்திலேயே அவன் ஊமை. 1931 திரைப்படத்தில் தட்டைத் தலை, கழுத்தில் ஆணிகள், அதோடு ஜாடியிலிருந்து மாற்றி எடுத்துவந்த குற்றவாளியின் மூளை. நாவலில் ஆணியும் இல்லை, குற்றவாளி மூளையும் இல்லை. அவன் மில்டனையும் புளூடார்க்கையும் படித்தவன். பேச்சைப் பிடுங்கிக் கெட்ட மூளையை வைத்ததும், பார்த்து மிரண்டவர்கள் செய்தது சரி என்று ஆகிவிடுகிறது. நாவலின் வாதம் தலைகீழாகிவிடுகிறது.

இதைப் பற்றிக் கட்டுரை எழுதுபவர்கள் 1831 பதிப்பின் அத்தியாய எண்களை இப்படிக் குறித்துக்கொள்ளலாம்: எலிசபெத் கிடைப்பது 1, பேராசிரியர்கள் 3, உயிர் வருவது 5, கடிதம் 6, விசாரணை 8, கண்ணைப் பொத்துவது 10, குளம் 12, கிழவருடன் பேச்சு 15, வில்லியம் 16, விக்டரின் குமட்டல் 17, கடைசிப் பேச்சு 24. 1818 பதிப்பில் ஒவ்வொரு தொகுதியிலும் எண் 1இலிருந்து தொடங்கும், ஆகவே எந்தப் பதிப்பு என்று எழுதாமல் எண் மட்டும் கொடுத்தால் குழப்பம் வரும். இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது: இரக்கம் மிகுந்து அவனை அப்பாவி ஆக்கிவிடுவது. வில்லியம், விக்டரின் நண்பன் கிளர்வல், எலிசபெத் மூவரையும் கழுத்தை நெரித்தவன் அவன். ஜஸ்டினைத் தூக்குக்கு அனுப்பியது தெரிந்தே செய்த சூழ்ச்சி. இதை அவனே மறுக்கவில்லை. கடைசிப் பேச்சில் தன்னைப் பழிகாரன் என்றே சொல்லிக்கொள்கிறான். ஆனால் அதே மூச்சில் வால்டனிடம் கேட்கிறான்: மனித குலமே எனக்குத் தீங்கு செய்திருக்க, நான் ஒருவன்தான் குற்றவாளியா? நண்பனாக வந்தவனை வாசலிலிருந்து அடித்துத் துரத்திய பீலிக்ஸை ஏன் நீங்கள் வெறுக்கவில்லை? தன் குழந்தையைக் காப்பாற்றியவனைச் சுட்ட அந்தக் குடியானவனை ஏன் சபிக்கவில்லை? வால்டன் இதற்கு ஒரு வார்த்தையும் பதில் சொன்னதாக நாவலில் இல்லை. அவன் பேசி முடித்து, கப்பல் அறையின் சன்னல் வழியே பனிக்கட்டி மிதவையில் குதித்து, அலையோடு இருட்டில் போய்விடுகிறான்.